நெஞ்சுக்குள் ஒரு பழுது: யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்?

2005 மார்ச் மாதம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மோவாப் என்ற சின்ன ஊர். சிவந்த பாறைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவதற்கென்றே இளவட்டங்கள் அங்கே வந்து இறங்குவார்கள். மினசோட்டாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், தன் தோழியுடன் சைக்கிளில் போனபோது சரிந்து விழுந்தார். பிறகு எழவே இல்லை.

அவருக்கு இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் இருந்தது. இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு, ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே இதயம் தாளம் தப்பி உயிர் போய்விடும். அது தெரிந்துதான் 2001-லேயே அவர் நெஞ்சில், தோலுக்கடியில், தாளம் தப்பும் இதயத்தை மின் ஷாக் கொடுத்து மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றைப் பதித்திருந்தார்கள். கைடன்ட் நிறுவனம் தயாரித்த வென்டாக் பிரிஸம் 2 டிஆர் என்ற மாடல். அன்றைக்கு அந்தக் கருவி வேலை செய்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பிறகு அதைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிக் கெட்டுப்போயிருந்தது.

கருவி என்றால் எப்போதாவது பழுதாகத்தான் செய்யும். அதற்காக மட்டும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. இந்தச் சாவை நாடறிந்த வழக்காக்கியது வேறொன்று. இப்படி ஒரு பழுது வரலாம் என்பது தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று வருடங்களாகத் தெரிந்திருந்தது. மருத்துவரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்லாததால், நெஞ்சில் அதைச் சுமந்துகொண்டு சைக்கிள் ஓட்டியவருக்கும் தெரியாது.

அடுத்த ஆறேழு வருடங்கள் அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தச் சொல்லாமல் விட்டதைத்தான் பல கோணங்களில் எடை போட்டன. அவை வந்து சேர்ந்த இடத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. சொல்லாமல் விட்டதை அரசாங்கத்துக்குச் செய்த குற்றமாகப் பார்த்தார்கள். கருவியைச் சுமந்தவருக்குச் செய்த அநீதியாகப் பார்ப்பதற்கோ சட்டம் வழியை மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போனது. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். விமான நிலையத்திலும் பெரிய கடைகளிலும் சுவரில் தொங்கும் டிஃபிப்ரிலேட்டர் பெட்டி வேறு. அதைப் பற்றியும் அமெரிக்காவில் வழக்குகள் உண்டு. கடைக்கு வந்தவர் மயங்கி விழுந்து இறந்தால், அந்தப் பெட்டியை வாங்கி வைக்காத கடை பொறுப்பா என்ற கேள்வி டார்கெட் என்ற பெரிய கடைக்கு எதிரான வழக்கில் வந்தது. வாங்கி வைக்கும் கடமை பொதுச் சட்டப்படி கடைக்கு இல்லை என்று 2014-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் பேசுவது ஐ.சி.டி. என்று இதய மருத்துவர்கள் சொல்லும், உடம்புக்குள் இருக்கும் கருவியைப் பற்றி.

அதைக் கண்டுபிடித்தவர் போலந்தில் பிறந்த மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர். தன் ஆசானும் மேலதிகாரியுமாக இருந்தவர் இதயம் தாளம் தப்பித் திடீரென்று இறந்துபோக, அந்தத் துக்கத்தில் பிறந்த யோசனை இது. 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பதித்தார்கள். ஆரம்பத்தில் வயிற்றில்தான் வைக்க முடியும், அவ்வளவு பெரிசு. பிறகு சுருங்கிச் சுருங்கி, காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டைட்டேனியம் பெட்டியாக வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் தோலுக்கடியில் மேடு தட்டுப்படும். அதிலிருந்து லீடு எனப்படும் ஒயர், ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும். இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், கருவி சில நொடிகளில் எழுநூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தத்தைச் சேர்த்து ஒரே ஷாக்காக விடும். கழுதை உதைத்தது போல இருக்கும். ஆனால் இதயம் தாளத்துக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அவ்வளவு வோல்ட். ஒயருக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளிதான். அந்த இடைவெளியைக் காப்பது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் உறை. பிரிஸம் 2 மாடலில் நடந்தது இதுதான்: உடம்புக்குள் வருடக்கணக்கில் கிடந்ததில் அந்த உறை சில கருவிகளில் நைந்துபோனது. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பரிசோதனைக்குப் போனாலும் பேட்டரி நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி என்றே காட்டும். ஷாக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு நொடியில்தான் மின்சாரம் இதயத்துக்குப் போகாமல் பக்கத்து உலோகத்துக்குத் தாவும். தாவினால் கருவி அதோடு தீர்ந்தது, இரண்டாவது ஷாக்கும் வராது. பழுது இருப்பது எப்போது தெரியவருமோ அப்போது பார்க்க நேரம் இருக்காது. ரயில் கடக்கும்போது மட்டும் இடியும் பாலம் மாதிரி.

2002-இல் கைடன்டுக்கு இது தெரிந்துவிட்டது. திரும்பி வந்த கருவிகளைப் பிரித்துப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டு ஏப்ரலிலும் மறுபடி நவம்பரிலும் தயாரிப்பில் மாற்றம் செய்தார்கள். புதிதாகச் செய்த கருவிகள் சரியாகிவிட்டன. பொறியாளர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மாற்றத்துக்கு முன்பு செய்து கையிருப்பில் இருந்தவற்றை அதற்குப் பிறகும் விற்றார்கள். ஏற்கெனவே பதிக்கப்பட்டவர்களுக்கோ அவர்களின் மருத்துவர்களுக்கோ தகவல் போகவில்லை. எஃப்.டி.ஏ. என்ற மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 2003 ஆகஸ்டில் கொடுத்த ஆண்டறிக்கையில், இந்த மாற்றம் கருவியின் பாதுகாப்பையோ செயல்பாட்டையோ பாதிக்கக்கூடியதல்ல என்று எழுதிவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து இந்த வரிதான் கிரிமினல் வழக்கானது.

மாணவரின் இதய மருத்துவர் பேரி மேரன், மினியாபொலிஸ் இதய ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். இந்த நோயில் உலகறிந்த நிபுணர். அவரோடு சேர்ந்துகொண்டவர் அதே நிலையத்தின் ராபர்ட் ஹவுசர். இந்த ஹவுசரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைடன்டின் டிஃபிப்ரிலேட்டர் தொழிலுக்கு முன்னோடியான கார்டியாக் பேஸ்மேக்கர்ஸ் நிறுவனத்தை ஒரு காலத்தில் தலைவராக இருந்து நடத்தியவர் அவர். அந்தத் தொழிற்சாலையின் உள்வாசல் தெரிந்தவர். மே மாதம் இருவரும் கைடன்ட் அதிகாரிகளைச் சந்தித்தார்கள். வேறு நோயாளிகளுக்கும் இதே பழுது வந்திருக்கிறது, நிறுவனத்துக்கு அது தெரியும் என்பது பேச்சில் வெளிவந்தது. அப்படியானால் மற்ற மருத்துவர்களுக்கு எழுதுங்கள் என்றார்கள் இவர்கள். எழுதுவதாக இல்லை என்றது நிறுவனம்.

நிறுவனத்தின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான வாதம் அல்ல. சுமார் 26,000 கருவிகளில் 26 பழுதுகள்தான் அப்போது கணக்கில் வந்திருந்தன. ஆயிரத்தில் ஒன்று. சொன்னால் எல்லாரும் பயந்துபோய்க் கருவியை மாற்றச் சொல்வார்கள். மாற்றுவது ஆபரேஷன், அதில் தொற்று வரலாம், ரத்தக்கசிவு வரலாம். பழுதால் போகும் உயிரைவிட மாற்றும்போது போகும் உயிர் அதிகமாகிவிடலாம் என்றார்கள். இது வெறும் சாக்கு அல்ல என்பதைக் கனடா மருத்துவர்கள் பிறகு காட்டினார்கள். எச்சரிக்கை வந்த கருவிகளை மாற்றிக்கொண்ட 533 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 8.1 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. இருவர் இறந்துபோயிருந்தார்கள்.

அப்படியிருந்தும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கே அரைகுறை. கருவி வைத்திருந்த ஒருவர் வீட்டில் தூக்கத்தில் இறந்தால், நோய் முற்றிப் போய்விட்டார் என்று கருவியோடே அடக்கம் செய்துவிடுவார்கள். அதைக் கழற்றித் தயாரித்தவருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்ப்பது அபூர்வம். கணக்கில் வந்தவை கண்ணில் பட்டவை மட்டும்தான். அதைவிட முக்கியமாக, சராசரி நோயாளி என்று ஒருவர் கிடையாது. எழுபது வயதில், இதுவரை ஒரு ஷாக்கும் தேவைப்படாதவருக்கு மாற்றாமல் இருப்பது புத்திசாலித்தனமாக இருக்கலாம். மாதம் ஒருமுறை ஷாக் வாங்குகிறவருக்குக் கணக்கே வேறு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் மருத்துவர், முடிவெடுக்க வேண்டியவர் நெஞ்சைக் கொடுத்தவர். அவர் சார்பில், அவருக்கே தெரியாமல், விற்றவர் முடிவெடுத்தது எந்தக் கணக்கிலும் சரியாகாது.

மருத்துவர்கள் இருவரும் விஷயத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குக் கொண்டுபோனார்கள். நிருபர் பேரி மையர் எழுதிய செய்தி 2005 மே 24 அன்று வெளிவந்தது. செய்தி வரப்போகிறது என்று தெரிந்து அதற்கு முந்தைய நாள்தான் கைடன்ட் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. மூன்று வருடம் முடியாத காரியம் ஒரே நாளில் முடிந்தது. ஜூன் 17 அன்று ரீகால் அறிவிப்பு வந்தது. பிரிஸம் 2 மட்டுமல்ல, கான்டாக் ரெனியூவல் என்ற இன்னொரு வகையிலும் இதே போன்ற ஷார்ட் சர்க்யூட் சிக்கல் இருந்தது தெரியவந்தது.

ரீகால் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காரில் பிரேக் குறை என்று ரீகால் வந்தால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வரலாம். இங்கே திரும்பப் பெற வேண்டிய பொருள் உங்கள் நெஞ்சில் இருக்கிறது. அந்த அறிவிப்பைப் பேப்பரில் படித்துவிட்டுச் சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்கும் அத்தனை பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பர்சில் வைத்திருக்கும் கருவி அட்டையை எடுத்து மாடல் எண்ணைச் சரிபார்த்திருப்பார்கள். இலவசமாக வேறு கருவி தருகிறோம், காப்பீடு கொடுக்காத செலவில் 2,500 டாலர் வரை ஏற்கிறோம் என்றது நிறுவனம். கத்தி வைப்பதா வேண்டாமா என்ற தூக்கமில்லாத இரவுகளுக்கு அதில் கணக்கில்லை.

பங்குச் சந்தைக்காரர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். 2004 டிசம்பரில் கைடன்டை 2,540 கோடி டாலருக்கு வாங்க ஜான்சன் அண்ட் ஜான்சன் ஒப்பந்தம் போட்டிருந்தது. ரீகாலுக்குப் பிறகு விலையை 2,150 கோடியாகக் குறைத்தது. ஆனால் பாஸ்டன் சயின்டிஃபிக் என்ற இன்னொரு மருத்துவக் கருவி நிறுவனம் குறுக்கே வந்து போட்டி போட, 2006-இல் கிட்டத்தட்ட 2,700 கோடி டாலருக்கு அதன் கைக்கே போனது கைடன்ட். ரீகாலுக்கு முன்பு பேசிய விலையைவிட அதிகம்!

வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. நாடு முழுக்கப் பல கோர்ட்டுகளில் தாக்கலானவற்றைத் திரட்டி, மினசோட்டாவில் மத்திய மாவட்ட நீதிபதி டொனோவன் ஃபிராங்கிடம் ஒப்படைத்தார்கள். வழக்குப் போட்டவர்களில் கருவி பழுதானவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானோர் பழுதாகுமோ என்று பயந்து மாற்றிக்கொண்டவர்கள், மாற்றாமல் பயத்தோடு வாழ்கிறவர்கள். தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்பதுதான் மையக் குற்றச்சாட்டு. ஜூரி முன்னால் விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 2007 ஜூலையில், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பாஸ்டன் சயின்டிஃபிக் இறங்கி வந்தது. முதலில் 19.5 கோடி டாலர் என்றார்கள். வழக்குக்காரர்கள் எண்ணிக்கை கூடியதால் அது 24 கோடி டாலர் ஆனது. சுமார் 8,550 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 28,000 டாலர், அதிலும் வக்கீல் கட்டணம் போக வேண்டும். அன்றைக்கு ஒரு கருவியின் விலையே கிட்டத்தட்ட 25,000 டாலர்.

குறைவுதான். ஆனாலும் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று ஏழே மாதத்தில் தெரிந்துவிட்டது.

2008 பிப்ரவரி 20. அமெரிக்க உச்ச நீதிமன்றம், மருத்துவக் கருவிகள் செய்யும் மெட்ரானிக் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இது டிஃபிப்ரிலேட்டர் வழக்கு அல்ல, பலூன் வழக்கு. அடைத்துப்போன இதய ரத்தக்குழாயை விரிக்க 1996-இல் ஒருவருக்கு உள்ளே விட்ட பலூன் வெடித்துவிட்டது. லேபிளில் 8 வளிமண்டல அழுத்தம் வரைதான் என்று போட்டிருக்க, மருத்துவர் 10 வரை ஏற்றியிருந்தார். சுண்ணாம்பு படிந்து இறுகிய குழாய்க்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது. ஆக, சாதாரண வழக்காகவே போயிருந்தாலும் நோயாளி ஜெயிப்பது கடினம். உச்ச நீதிமன்றம் அந்தச் சின்ன விஷயத்தில் நிற்கவில்லை. எஃப்.டி.ஏ.யின் மிகக் கடுமையான முன் ஒப்புதலைப் பெற்ற கருவி என்றால், அதன் வடிவமைப்பும் லேபிளும் சரியில்லை என்று மாநிலச் சட்டப்படி வழக்கே போட முடியாது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இதன் வேர் 1976-இல் இருக்கிறது. டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் பல பெண்களின் உடல்நலத்தைக் கெடுத்த பிறகு, மருத்துவக் கருவிகளுக்கு மத்தியக் கட்டுப்பாடு வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு: எஃப்.டி.ஏ. விதித்த தேவைகளுக்கு மேலாகவோ வேறாகவோ எந்த மாநிலமும் ஒரு கருவிக்குத் தேவைகளை விதிக்கக் கூடாது. ஜூரி ஒன்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னால் அதுவும் மாநிலம் விதிக்கும் ‘தேவை’ ஆகுமா? ஆகும் என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா. ஜூரியின் கண்ணுக்குப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே தெரிவார், அதே கருவியால் பிழைத்தவர்கள் கோர்ட்டுக்கு வருவதில்லை, இரண்டையும் சேர்த்து எடை போட எஃப்.டி.ஏ.வால்தான் முடியும் என்பது அவர் வாதம். யோசிக்க வைக்கும் வாதம்தான். தனியாக மறுத்து எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க். மக்களைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம், மக்கள் கோர்ட்டுக்குப் போகும் வழியை அடைப்பதற்காக எழுதப்பட்டதல்ல என்றார் அவர். அவர் பக்கம்தான் நான்.

இந்தத் தீர்ப்பின் விளைவு தலைகீழாக இருக்கிறது. 1996-இல் அதே மெட்ரானிக்குக்கு எதிராக ஒரு பேஸ்மேக்கர் லீடு வழக்கு உச்ச நீதிமன்றம் போயிருந்தது. அந்த லீடு, சந்தையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் போன்றதுதான் என்று காட்டி எளிய வழியில் அனுமதி வாங்கியது. அதனால் நோயாளி வழக்குப் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. எளிய வழியில் வரும் ஒரு விண்ணப்பத்தைப் பார்க்க எஃப்.டி.ஏ. சராசரியாக 20 மணி நேரம் செலவிட்டது, கடுமையான வழியில் 1,200 மணி நேரம் என்பது நீதிமன்றமே எடுத்துச் சொன்ன கணக்கு. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால், ஒரு கருவி எவ்வளவு ஆபத்தானதோ, உயிருக்கு எவ்வளவு நெருக்கமானதோ, அவ்வளவுக்கு அதைச் செய்தவருக்குக் கவசம் உறுதியாகிறது. டிஃபிப்ரிலேட்டர்கள் எல்லாம் கடுமையான வழியில் வருபவை.

அந்தக் கவசம் முதலில் யார் மேல் இடித்தது என்பதற்கு மெட்ரானிக்கின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் லீடு சாட்சி. 2004-இல் வந்த அந்த ஒயர் வெறும் 2.2 மில்லிமீட்டர் தடிமன்தான். மெலிதாக இருந்ததால் ரத்தக்குழாயில் நுழைப்பது சுலபம், மருத்துவர்களுக்குப் பிடித்துப்போனது. உலகம் முழுக்கச் சுமார் 2,68,000 பேர் உடம்பில் ஏறிவிட்டது. ஆனால் இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது, ஒயரும் அத்தனை தடவை வளைகிறது. சிலருக்குள் அது முறிந்தது. முறிந்த முனைகள் உரசும்போது எழும் மின்சார இரைச்சலை, இதயம் தாளம் தப்பிவிட்டது என்று கருவி தப்பாகப் படிக்கும். உடனே ஷாக் விடும். மயங்கிக் கிடப்பவருக்கு அல்ல, முழு நினைவோடு சமையலறையில் நிற்பவருக்கு. இரைச்சல் நிற்காதவரை மறுபடி, மறுபடி. அப்படி வாங்கியவர்கள் பிறகு ஒவ்வொரு நிமிடமும் அடுத்த உதைக்குப் பயந்தே வாழ்ந்தார்கள்.

இதையும் முதலில் கண்டு எச்சரித்தவர்களில் ஒருவர் அதே ராபர்ட் ஹவுசர். தன் மருத்துவமனையில் இந்த லீடுகள் வழக்கத்துக்கு மாறாக முறிவதைப் பார்த்து 2007 தொடக்கத்திலேயே நிறுவனத்திடம் சொன்னார், மருத்துவ இதழிலும் எழுதினார். மார்ச்சில் மெட்ரானிக் மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. விற்பனையை நிறுத்தியது அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களிலும் அந்த ஒயர் ஆட்களுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.

வழக்குப் போட்டவர்கள் கைடன்ட் நோயாளிகள் போன அதே மினசோட்டா கோர்ட்டுக்குத்தான் போனார்கள், இந்த முறை நீதிபதி ரிச்சர்ட் கைல். 2009 ஜனவரியில் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். பலூன் தீர்ப்புக்குப் பிறகு வேறு வழியில்லை என்றார். இந்த லீடால் துன்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. பரிகாரம் வேண்டுமென்றால் நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். நாடாளுமன்றத்திலும் கேட்டார்கள். தீர்ப்பை மாற்றும் மசோதா 2009-இல் வந்தது, நிறைவேறவில்லை.

சட்டத்தில் ஒரு பொந்து மட்டும் மிச்சம். எஃப்.டி.ஏ. விதியையே நிறுவனம் மீறியிருந்து, அதே மீறல் மாநிலச் சட்டப்படியும் தவறாக இருந்தால் வழக்கு நிற்கும். ஆனால் எஃப்.டி.ஏ.விடம் பொய் சொன்னார்கள், மறைத்தார்கள் என்பதற்காக மட்டும் நோயாளி வழக்குப் போட முடியாது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொல்லிவிட்டது. விதியை மீறினார்கள் என்று காட்ட வேண்டும், ஆனால் விதியை மீறினார்கள் என்பதற்காக மட்டும் வழக்காக இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து போக வேண்டும். மீறலைக் காட்டும் காகிதமோ நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது. வழக்கு நின்றால்தான் அலமாரி திறக்கும், அலமாரி திறந்தால்தான் வழக்கு நிற்கும். ஃபிடெலிஸ் நோயாளிகள் இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010 அக்டோபரில் தள்ளுபடியை உறுதி செய்தது. அதே மாதம், சுமார் 8,100 பேருக்கும் சேர்த்து 26.8 கோடி டாலர் கொடுத்து மெட்ரானிக் கணக்கை முடித்துக்கொண்டது. சட்டப்படி கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏறக்குறைய இல்லாத நிலையில் வந்த பணம். நோயாளிகளுக்கு அது கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் உரிமையாக வாங்கியது அல்ல அது.

இனி கைடன்டின் கிரிமினல் கதை. 2010 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் இரண்டு குற்றங்களைச் சுமத்தியது. பிரிஸம் விஷயத்தில் ஆண்டறிக்கையில் தவறான தகவல் கொடுத்தது ஒன்று. ரெனியூவல் கருவியில் செய்த திருத்தத்தை எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்காதது இன்னொன்று. இரண்டும் சட்டப்படி சிறு குற்ற வகை. நிறுவனம் ஒப்புக்கொண்டது. தண்டனை 29.6 கோடி டாலருக்கு மேல், ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் அதுவரை கட்டியதிலேயே பெரிய தொகை. எந்தத் தனி மனிதர் மேலும் வழக்கு இல்லை.

ஒப்பந்தம் ஒப்புதலுக்கு வந்து நின்றது அதே நீதிபதி ஃபிராங்க் முன்னால். ஐந்து வருடங்களாக நோயாளிகளின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் கருவியின் ஒவ்வொரு ஒயரும் அவருக்கு அத்துப்படி. இரு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு வந்து நீட்டிய ஒப்பந்தத்தை நீதிபதிகள் பெரும்பாலும் அப்படியே ஏற்பார்கள். இவர் ஏப்ரலில் நிராகரித்தார். பணம் மட்டும் கட்டிவிட்டுப் போவது போதாது, நிறுவனம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும், பொதுமக்களுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்றார். கைடன்ட் இப்போது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, கண்காணித்து என்ன பயன் என்பது அரசுத் தரப்பின் வாதம். அவர் அசையவில்லை. 2011 ஜனவரியில் அதே தொகையோடு மூன்று வருடக் கண்காணிப்பையும் சேர்த்துத்தான் தண்டனை நிறைவேறியது. இந்த மொத்தக் கதையிலும் சட்டம் வாசலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்த தருணம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

ஆனால் பணம் எங்கே போனது என்று பாருங்கள். அபராதமும் பறிமுதலும் அரசுக் கருவூலத்துக்கு. 2013-இல் பாஸ்டன் சயின்டிஃபிக் இன்னொரு 3 கோடி டாலர் கட்டியது. பழுதுள்ள கருவி என்று தெரிந்தே முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் நோயாளிகளுக்கு விற்று அரசுப் பணத்தை வாங்கினார்கள் என்ற சிவில் வழக்கு அது. அந்த வழக்கைத் தொடங்கி வைத்தவர் கருவி பதிக்கப்பட்டிருந்த ஒரு நோயாளி. அவருக்கு அதில் ஒரு பங்கு கிடைத்தது, அரசுக்கு நேர்ந்த மோசடியைக் காட்டிக்கொடுத்தவர் என்ற முறையில்.

ஃபிடெலிஸ் ஒயரைச் சுமந்தவர்களுக்கு வழக்கு முடிந்தும் கதை முடியவில்லை. வருடங்கள் போகப் போக ஒயரைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும். பிடுங்கினால் ரத்தக்குழாயோ இதயமோ கிழியும் ஆபத்து உண்டு. அதனால் முறியாத ஒயரை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாக அறிவுரை சொன்னார்கள். பதிலாக, 2008-இல் மெட்ரானிக் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதை ஏற்ற ஆபரேஷன் வேண்டாம். கிளினிக்கில் உட்காரவைத்து, தோலுக்கு மேலே ஒரு கருவியை வைத்து உள்ளே ஏற்றிவிடலாம். ஒயரின் மின்தடை மாறுகிறதா, இரைச்சல் வருகிறதா என்று பெட்டி தானே கவனித்துக்கொண்டிருக்கும். முறிவின் அறிகுறி தெரிந்தால், ஷாக் விடுவதற்கு முன்பாகவே, நெஞ்சுக்குள்ளிருந்து பீப் பீப் என்று ஒலி எழுப்பும். யாரும் கவனிக்கவில்லை என்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. சுமப்பவர் காதில் விழும்படியாக.